உடன் வருபவர்

"நிறுத்துங்க" என்றாள்.

எதிரே லாரி வருவது தெரியாமல் ஸ்டீரிங்கைத் திருப்புகிறவர்களிடம் அவள் தினமும் பேசும் குரல் அது. டிராவல் ஏஜென்ட்டின் விரல்கள் கீபோர்டின் மேல் அப்படியே நின்றுவிட்டன. மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"என்ன மேடம்?"

"அந்த எடத்துல எதுக்கு என் பேரைப் போடுறீங்க?"

திரையில் குழந்தையின் பாஸ்போர்ட் விண்ணப்பம் திறந்திருந்தது. குழந்தையின் பெயர், பிறந்த தேதி, தகப்பனார் பெயர் எல்லாம் சரியாக விழுந்திருந்தன. அதற்குக் கீழே 'தாயின் பெயர்' என்ற கட்டத்தில் அவளுடைய பெயரில் பாதி வந்து நின்றது. அறை ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது. கீழே அடுப்பில் ரொட்டி வெந்துகொண்டிருந்ததால் தரை வெதுவெதுப்பாக இருந்தது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஏழு வயதுப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு, பாதங்களைத் தரையில் ஒட்டுவதும் எடுப்பதுமாக அந்தச் சூட்டைச் சோதித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அவளைக் கடுகு என்று கூப்பிடுவார்கள். பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தாளாம், அப்பா வைத்த பெயர். இப்போது அளவு மாறிவிட்டது, பொரிவது மாறவில்லை.

கடுகைக் கூட்டி வந்தவள் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் வைத்த கார். அந்தப் பிரேக்கை அவள் தயவு தாட்சண்யம் பார்க்காமல் மிதிப்பதால், பிரேக் டீச்சர் என்று பெயரே விழுந்துவிட்டது. புருஷன் கடல் கடந்த ஒரு தேசத்தில், கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர். அவருக்கு அவள் இரண்டாவது மனைவி. முதல் மனைவி, குழந்தை தத்தித் தத்தி நடக்கும் பருவத்தில் நோய்ப்பட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டாள். இவளைக் கல்யாணம் செய்துகொண்டு கொஞ்ச காலம் சேர்ந்து வாழ்ந்தார், பிறகு வேலை கிடைத்துக் கிளம்பிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் இவளும் கடுகும்தான். இப்போது அவருக்குக் குடும்பத்தைக் கூட்டிக்கொள்ள அனுமதி வந்திருந்தது. குறிப்பிட்ட தேதிக்குள் அங்கே போய் இறங்கியாக வேண்டும். தப்பினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஏஜென்ட் நாற்காலியில் சாய்ந்தார். கெட்டவர் இல்லை. நிறையப் பேரை ஏற்றி அனுப்பியவர், சுருக்கு வழிகள் அத்துப்படி, அவ்வளவுதான்.

"மேடம், நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். குழந்தை அம்மா கூடப் போனா ஒருத்தனும் திரும்பிப் பார்க்க மாட்டான். வேற யார் கூடப் போனாலும் ஆயிரம் கேள்வி. அப்பா சம்மதக் கடிதம் குடுக்கணும். சும்மா எழுதி போட்டோ எடுத்து அனுப்பினா ஆகாது. அங்க தூதரகத்துக்கு நேர்ல போய் கையெழுத்துப் போட்டு, முத்திரை வாங்கி, ஒரிஜினல் இங்க வந்து சேரணும். பெத்த அம்மாவோட இறப்புச் சான்றிதழ் ஒரிஜினல் வேணும். உங்க கல்யாணச் சான்றிதழ் வேணும். அத்தனையும் இருந்தும், கவுன்ட்டர்ல இருக்கிறவனுக்குச் சந்தேகம் வந்தா நிறுத்திடுவான். பிள்ளை கடத்தல் அது இதுன்னு இப்போ ரொம்பக் கெடுபிடி."

"பிறப்புச் சான்றிதழ்ல அவங்க பேர்தானே இருக்கு? அதை என்ன பண்ணுவீங்க?"

"அதுக்கும் ஆள் இருக்கு மேடம்." குரலைத் தணித்தார். பிறகு, விஷயம் முடிந்துவிட்டது போல, மேஜைக்கு அப்பால் குனிந்து சிரித்தார். "பாப்பா, இவங்க யாருன்னு யாராவது கேட்டா அம்மான்னு சொல்லணும். எங்க, சொல்லு பார்க்கலாம்."

"சித்தி" என்றாள் கடுகு.

"இங்க சித்தி. ஏர்போர்ட்டுக்குப் போனா அம்மா. சரியா?"

"மாட்டேன்."

ஏஜென்ட் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. வலிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். கல்யாணமாகி வந்த புதிதில் அந்த ஒரு வார்த்தைக்காக அவள் காத்திருந்தது உண்டு. காய்ச்சலில் கிடந்த ஒரு நாள், குழந்தை அரைத் தூக்கத்தில் 'அம்மா' என்றது. ஈரத்துணியோடு குனிந்தவளுக்கு, அது தன்னைக் கூப்பிடவில்லை என்பது அடுத்த நொடியே புரிந்துவிட்டது. அன்றைக்குக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். ஆனால் நாள் ஆக ஆக, 'சித்தி, என் ஒரு செருப்பைக் காணோம்', 'சித்தி, அந்தப் பையன் என்னைத் தள்ளிட்டான்', 'சித்தி, கண்ணை மூடுங்க, கையை நீட்டுங்க' என்று கேட்டுக் கேட்டு, அந்த வார்த்தை குளித்துத் தலைவாரி வேறு ஆளாக அவள் முன்னால் வந்து நின்றது. ஊருக்குத்தான் அது இன்னும் பழைய ஆள். சித்தி என்று சொன்னால் அடுத்த வார்த்தையாகக் கொடுமை என்பது நாக்கில் தானாக வந்து உட்கார்ந்துவிடும். பள்ளிக்கூட வாசலில் "ஓ, சித்தியா?" என்று இழுப்பார்கள். அப்படி இழுக்கும்போதே அவர்கள் கண் குழந்தையின் கை கால்களில் எங்காவது சூட்டுத் தழும்பு தெரிகிறதா என்று மேயும்.

அந்தப் பார்வைக்குப் பயந்து ஒளிய வேண்டுமானால் இதோ ஒரு வசதியான இடம், ஒரு கட்டம். அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளலாம். ஆனால் அதில் ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள்.

"அழிங்க" என்றாள்.

"மேடம்..."

"அழிச்சுட்டு அவங்க பேரைப் போடுங்க. நான் எழுத்துக்கூட்டிச் சொல்றேன்." சொன்னாள். முதலெழுத்தையும் சேர்த்து, ஒவ்வொரு எழுத்தாக. கடுகு பாதங்களைத் தூக்குவதை நிறுத்திவிட்டு, திரையில் அந்த எழுத்துகள் வந்து விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பிளைட்டை விட்டுடுவீங்க. நான் சொல்லலைன்னு அப்புறம் சொல்ல வேண்டாம்" என்றார் ஏஜென்ட்.

"அடுத்ததுல போறோம்."

அன்று சாயங்காலம் சமையலறையில் நின்றுகொண்டு புருஷனிடம் பேசினாள். அலமாரியில் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைச் சீட்டு ஒட்டி, உருண்டையான கையெழுத்தில் சீனி, உப்பு, மிளகு என்று எழுதியிருந்தது. முதல் மனைவி எழுதியவை. உப்புச் சீட்டு உரிந்து வந்தபோது இவள் புதிதாக எழுதி ஒட்டவில்லை, அதையே டேப் போட்டு ஒட்டினாள். பெரிய மனசு என்றெல்லாம் ஒன்றுமில்லை. உப்பு உப்புதானே, யார் எழுதினால் என்ன என்று அப்போது நினைத்தாள். ஆனால் கிழித்துப் போடவும் கை வரவில்லை.

"ஒரு பேர்தானே? காகிதத்துல எது இருந்தா என்ன?" என்றார் அவர், சுற்றிலும் இரும்பை இரும்பு அறையும் சத்தத்துக்கு நடுவே.

"எது இருந்தா என்னன்னா, அவங்க பேரே இருக்கட்டுமே."

"உனக்குப் புரியல. தூதரகம் இருக்கிற ஊருக்குப் போய்ட்டு வரவே ரெண்டு நாளாகும். லீவு கெடைக்காது."

"கேட்டீங்களா?"

அவர் பேச்சை மாற்றி, கடுகு சாப்பிட்டாளா என்றார். இத்தனை நாள் குடித்தனத்தில் அவர் முதல் மனைவியின் பெயரை ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. 'அவ' என்பார். 'அப்போ' என்பார். 'முன்னாடி இந்த வீட்ல' என்று ஆரம்பித்துப் பாதியில் எழுந்து போவார். குழந்தை அம்மாவைப் பற்றி ஏதாவது கேட்டால், பதில் சொல்ல வேண்டியது எப்போதும் இவள்தான், பார்த்தேயிராத ஒரு பெண்ணைப் பற்றி.

"ஏங்க, ஒண்ணு கேக்குறேன். உங்களுக்கு லீவு கேக்கத் தயக்கமா, இல்ல அந்தப் பேரை எழுதத் தயக்கமா?"

அவர் போனை வைத்துவிட்டார். அடுத்து சில நாள் பேசவில்லை. அவளும் கூப்பிடவில்லை. பிரேக்கை மிதித்தாயிற்று, இனி வண்டி நிற்கட்டும் என்று இருந்தாள். பயமும் இருந்தது. தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. எல்லாரும் ஒரு பக்கம் நிற்க, நான் மட்டும் எதற்கு முரண்டு பிடிக்கிறேன், செத்துப்போனவளுக்கு இதனால் என்ன ஆகப்போகிறது என்று துணி மடிக்கும்போதெல்லாம் தன்னையே கேட்டுக்கொண்டாள். பதில் தெரியவில்லை. ஆனால் அந்தக் கட்டத்தில் தன் பெயரை நினைத்துப் பார்த்தபோதெல்லாம், அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டது போல மூச்சு முட்டியது.

அவர் கூப்பிட்டபோது அவள் வகுப்பில் இருந்தாள். ஒரு பல் டாக்டரம்மா கியரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "நேராப் போங்க, எங்கயும் திருப்பாதீங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனை எடுத்தாள்.

"எழுதிட்டேன்" என்றார் அவர்.

"ம்."

"தாயின் பெயர்னு போட்டு, பக்கத்துல காலமானார்னு எழுதச் சொன்னாங்க. நடுவுல ஒரு எழுத்து தப்பாப் போச்சு. வேற பாரம் வாங்கி மறுபடியும் எழுதினேன்." அவர் பக்கத்தில் ஏதோ ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. "அவ பேரை எழுதி எவ்வளவு நாளாச்சு தெரியுமா?"

 அவர் மூக்கை உறிஞ்சி முடிக்கும்வரை போனைக் காதோடு வைத்துக்கொண்டிருந்தாள். பல் டாக்டரம்மா நேராகப் போய்க்கொண்டே இருந்தார். ஊர் எல்லை தாண்டிவிட்டது.

இனி இறப்புச் சான்றிதழ். அது குழந்தையின் தாய்மாமாவிடம் இருந்தது. கடைசி நாட்களில் தங்கையைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்தவர் அவர்தான், சான்றிதழ் வாங்கியதும் அவர்தான். புதிதாக ஒன்று எடுக்கலாம் என்றால் அதற்கும் ரத்த சம்பந்தமானவர் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். சுற்றி வந்தாலும் அவர் கடை வாசலில்தான் நிற்க வேண்டும். பழைய டயருக்குப் புது உயிர் கொடுக்கும் கடை. கடுகு அவரை டயர் மாமா என்பாள். மாதத்துக்கு ஒரு முறை வந்து பார்ப்பார். குழந்தையிடம் பேசுவார், இவளிடம் கதவு நிலையைப் பார்த்துக்கொண்டு பேசுவார்.

கடைக்குப் போனபோது அவர் "வா" என்று சொல்லவில்லை. குழந்தையை மட்டும் தூக்கி, அடுக்கியிருந்த டயர்களின் உச்சியில் உட்காரவைத்தார்.

"அண்ணா, ஒரு பேப்பர் வேணும்."

"என்னை அண்ணான்னு கூப்பிடாத. அப்படிக் கூப்பிட்டவ போயிட்டா."

"சரி, கடைக்காரரே. ஒரு பேப்பர் வேணும்."

உச்சியிலிருந்து கடுகு கெக்கெக்கே என்று சிரித்துவிட்டாள். மாமாவின் மீசை ஒரு நொடி ஆடி, பிறகு இறுகியது. அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் கையிலிருந்த இரும்புக் கம்பியைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"கண்காணாத தேசத்துக்குப் பிள்ளையைத் தூக்கிட்டுப் போறதுக்கு நானே வழி பண்ணிக் குடுக்கணுமா? இங்க எங்க வீட்ல இருக்கட்டும். என் பொண்ணுங்களோட பொண்ணா வளரட்டும். நாளைக்கு உனக்குன்னு ஒண்ணு பொறந்துட்டா இவ கதி என்ன?"

இந்தக் கேள்வியை வேறு யார் கேட்டிருந்தாலும் கடித்துக் குதறியிருப்பாள். ஆனால் இவர் கண்ணில் பயம் இருந்தது. அது போலி இல்லை. அவளே தன்னைக் கேட்டுக்கொண்ட கேள்விதான் அது.

"தெரியாது" என்றாள். "நாளைக்கு நான் எப்படி இருப்பேன்னு எனக்கே தெரியாது. இன்னைக்கு எப்படி இருக்கேன்னு மட்டும் தெரியும். நீங்க பேப்பர் தரலைன்னாலும் நாங்க போயிடலாம், அதையும் சொல்லிடுறேன். ஏஜென்ட்டுகிட்ட ஆள் இருக்கு. தாயின் பெயர்ங்கிற எடத்துல என் பேரைப் போட்டுடுவாங்க. எனக்கு அது ரொம்பச் சுலபம். ஆனா உங்க தங்கச்சிதான் இவளைப் பெத்தாங்கிறதுக்கு அப்புறம் எங்கயும் ஒரு எழுத்துகூட மிச்சம் இருக்காது. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

காற்று நிரப்பும் இயந்திரம் திடீரென்று ஓட ஆரம்பித்து, கடை முழுக்க அதிர்ந்தது. அது ஓடி முடிக்கும்வரை அவர் கம்பியையே துடைத்துக்கொண்டிருந்தார்.  பிறகு உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது. அதை அவளிடம் நீட்டுவதற்கு முன்னால், இன்னொரு துணி எடுத்து, தன் கறுப்பு விரல்கள் பட்ட இடத்தைத் துடைத்தார்.

"எனக்குச் சம்மதம்னு நினைச்சுக்காத."

"நினைக்கல."

பாஸ்போர்ட்டும் விசாவும் கைக்கு வந்து, கெடு முடிவதற்குள் கிளம்பிய நாளில் விமான நிலையத்துக்கு டயர் மாமா வந்திருந்தார். வழியனுப்ப வந்தேன் என்று சொல்லவில்லை, இந்தப் பக்கம் ஒரு வேலை என்றார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடுகு உள்ளேயிருந்து கையாட்டினாள். அவர் பதிலுக்கு ஆட்டினாரா என்பது கண்ணாடியில் விழுந்த நடுப்பகல் வெளிச்சத்தில் தெரியவில்லை.

பெட்டிகளை வாங்கிக்கொள்ளும் கவுன்ட்டரில் இருந்த பெண், இரண்டு பாஸ்போர்ட்டுகளையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தவுடன் நகம் கடித்தாள். "அம்மா பேரு வேறயா இருக்கே?" என்றாள். கோப்பைத் திறந்து எல்லாவற்றையும் வரிசையாக வைத்தாள் அவள். அந்தப் பெண் மேலதிகாரியைக் கூப்பிட்டாள். மேலதிகாரி யாரையோ கூப்பிட்டார். பின்னால் வரிசை நீண்டு முணுமுணுத்தது. ஒருவழியாகப் பெட்டிகள் நகரும் பட்டையில் ஏறிப் போயின. அங்கே முடிந்தது என்று நினைத்தால், குடியேற்றக் கவுன்ட்டரில் இருந்த அதிகாரி இரண்டு பாஸ்போர்ட்டுகளையும் கையில் எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். சளி பிடித்த மனிதர், கைக்குட்டையும் கையுமாக இருந்தார். பக்கத்தில் இருந்த கண்ணாடி அறைக்கு வரச் சொன்னார்.

"குழந்தையோட உடன் வருபவர் நீங்கதான். என்ன உறவு?"

"சித்தி."

"அம்மாவோட தங்கச்சியா?"

"இல்ல. அப்பாவோட மனைவி."

"அப்போ ஸ்டெப் மதர்னு சொல்லுங்க."

"சித்தி" என்றாள் மறுபடியும்.

அவர் பேனாவால் காகிதத்தைத் தட்டினார். "சித்திக்கு இதுல எடம் இல்லம்மா. தாய், தந்தை, காப்பாளர், மற்றவர். அவ்வளவுதான்."

"அப்போ மற்றவர்னு போட்டு, பக்கத்துல சித்தின்னு எழுதிக்குங்க."

அவர் எழுதவில்லை. சம்மதக் கடிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், முத்திரையை நகத்தால் தடவினார். பிறகு அவளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, குழந்தையை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டார். கதவு மூடியது. அவளால் பார்க்க முடிந்தது, கேட்க முடியவில்லை. அதிகாரியின் வாய் அசைந்தது. கடுகு தலையை ஆட்டினாள், மேலும் கீழும், பிறகு பக்கவாட்டில். ஒரு கட்டத்தில் இரண்டு கைகளாலும் ஸ்டீரிங் பிடிப்பது போலப் பிடித்து, காலால் ஓங்கி எதையோ மிதித்துக் காட்டினாள். என்ன சொல்லித் தொலைக்கிறாளோ என்று அவள் கண்ணாடியோடு ஒட்டி நின்றாள். சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். இப்படிக் கேட்டால் இப்படிச் சொல் என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கதவு திறந்தது. அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"உங்களை அம்மான்னு சொல்லச் சொல்லி ஒரு ஏஜென்ட் சொன்னாராமே? உங்க பொண்ணு முடியாதுன்னுட்டாளாம்."

"ஆமா."

"நீங்களும் முடியாதுன்னுட்டீங்களாம்."

"ஆமா."

"அப்படிச் சொல்லியிருந்தா நான் இந்நேரம் உங்களை அனுப்பிட்டு அடுத்த ஆளைப் பார்த்திருப்பேன்மா."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. "அப்போ பொய் சொல்றவங்களுக்குக் கவுன்ட்டர், உண்மையைச் சொல்றவங்களுக்கு இந்த ரூமா? நீங்க கேட்ட எல்லாப் பேப்பரும் அந்தக் கோப்புல இருக்கு சார். எது இல்லைன்னு சொல்லுங்க. எழுதிக் குடுங்க. ஒண்ணும் குறையலைன்னா முத்திரையைக் குத்துங்க."

"குரலை உசத்தாதீங்க."

"உசத்தல சார். என் குரலே இதான்."

அறைக்கு வெளியே இரண்டு மூன்று தலைகள் திரும்பின. அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். ஆனால் அவர் களைப்பாகப் பேசினார். "நான் குத்திட்டு, நாளைக்கு இந்தக் குழந்தையோட ஆளுங்க வந்து எங்க பிள்ளையைக் காணோம்னு நின்னா? அந்த மாதிரி நின்னவங்களை நான் பார்த்திருக்கேன்மா. குழந்தைக்கு அம்மா வழியில யாராவது இருக்காங்களா? நான் பேசணும்."

இருக்கிறார் ஒருவர். வேண்டாம் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், பட்டையில் போன பெட்டிகளை இறக்கிவிடுவார்கள். பேரைப் பேணி, கடிதம் வாங்கி, கடை வாசலில் நின்று சேர்த்ததெல்லாம் ஒன்றுமில்லாமல் போகும். புருஷனைக் கூப்பிட்டுப் பார்த்தாள், எடுக்கவில்லை. அங்கே அது கப்பலின் வயிற்றுக்குள் போனைக் கொண்டுபோக விடாத நேரம். யாரும் இல்லை சார் என்று சொல்வது எவ்வளவு எளிது என்று பார்த்தாள். நாக்கு நுனிவரை வந்து நின்றது. கடுகு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாய்மாமா இருக்கார்" என்றாள். "இவளை அனுப்ப அவருக்கு இஷ்டம் இல்ல. அதையும் சொல்லிடுறேன்." நம்பரைச் சொன்னாள்.

அதிகாரி மேஜைப் போனில் எண்களை அழுத்தினார். யார் பேசுகிறேன் என்று சொன்னார், கேள்வியைக் கேட்டார். அதற்குப் பிறகு நெடுநேரம் "ம்" மட்டும்தான். அவள் அவர் முகத்தைப் பார்க்காமல், சுவரில் மாட்டியிருந்த தீயணைப்புக் கருவியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்த மனிதர், போனைக் காதில் வைத்தபடி என்ன யோசிப்பார்? தங்கையைத்தான் யோசிப்பார். யோசிக்கட்டும். நான் செய்த எதையும் மறைக்கவில்லை, இனி மறைக்கவும் போவதில்லை. திரும்பிப் போகச் சொன்னால் போவோம். மறுபடியும் கோப்பைத் தூக்கிக்கொண்டு வருவோம். இதே ரூமில் இதே நாற்காலிக்கு முன்னால் வந்து நிற்போம். 

அதிகாரி போனை வைத்தார். நெற்றியைச் சொறிந்தார்.

"சம்மதம் இல்லைன்னு சொல்றார்."

அவள் கோப்பை எடுத்துக்கொள்ளக் கையை நீட்டினாள்.

"சம்மதம் இல்ல, ஆனா தடுக்காதீங்கங்கிறார். இந்தம்மா ஒளிச்சு மறைச்சுப் போகல, நேரா வந்து என்கிட்ட கேட்டுட்டுத்தான் போகுது, நீங்க யாரு நடுவுலன்னு என்னையே கேக்குறார்." கைக்குட்டைக்குள் ஒரு தும்மல் போட்டார். "சம்மதம் இல்ல, ஆனா தடுக்காதீங்க. இதை நான் எந்தக் கட்டத்துல எழுதுறது?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினாள், முடியவில்லை. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அதிகாரி பாஸ்போர்ட்டுகளைப் புரட்டி, இரண்டிலும் ஓங்கி முத்திரை குத்தினார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு, அந்தக் காகிதத்தை இழுத்து, மற்றவர் என்பதில் கோடு போட்டு, பக்கத்தில் சின்னதாக எழுதினார். என்ன எழுதினார் என்று அவள் எட்டிப் பார்க்கவில்லை. கோப்பை வாங்கிக்கொண்டு நடந்தாள்.

கடுகு தன் சின்னப் பெட்டியை இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். வாசனைத் திரவியக் கடைகளைத் தாண்டினார்கள். அழுகிற ஒரு கைக்குழந்தையைத் தாண்டினார்கள்.

"உள்ள வச்சு என்ன கேட்டார்?"

"நீங்க என்னை அடிப்பீங்களான்னு."

"நீ என்ன சொன்னே?"

"ஒரு தடவை அடிச்சீங்கன்னு சொன்னேன். நான் ரோட்டுக்குக் குறுக்கே ஓடினேன்ல, அப்போ. அப்புறம் நீங்கதான் ரொம்ப நேரம் அழுதீங்கன்னும் சொன்னேன்."

அவள் நின்றுவிட்டாள். "அதையுமா சொன்னே?"

"நெஜமாத்தானே அடிச்சீங்க?" கடுகு திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

விமானத்துக்கான வாயில் கீழ்த்தளத்தில் இருந்தது. கீழே இறங்க, தானாக நகரும் படி. மேலே போகும் படியில் அவள் எத்தனையோ முறை ஏறியிருக்கிறாள். ஆனால் இறங்கும் படியில் கால் வைத்ததில்லை. தரைக்குள்ளிருந்து தட்டையாக வெளியே வந்து, கண் முன்னாலேயே உடைந்து பள்ளமாகிப் போகும் அந்தப் படிகளைப் பார்த்ததும், ஊருக்கெல்லாம் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள். கடுகு ஒரு காலை நீட்டி, பின்னுக்கு இழுத்தாள். மறுபடியும் நீட்டி, இழுத்தாள். பின்னால் வந்தவர்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு, படியில் கால் வைத்து, நின்றபடியே கீழே மறைந்துகொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் அவர்களுடைய விமானத்துக்குக் கடைசியாகக் கூப்பிட்டார்கள்.

"சித்தி" என்றாள் கடுகு, அவள் கைப்பையின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டு. "நீ மொதல்ல வை."

"சேர்ந்து வைப்போம்."

"சரி. நான் சொல்லும்போது."

மஞ்சள் கோட்டின் மேல் இருவரும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். படிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தரைக்குள்ளிருந்து முளைத்து, ஒன்றுக்கும் காத்திராமல் கீழே இறங்கிக்கொண்டே இருந்தன.